தொப்பூர் மேட்டில் வந்த நீலப் புகை

மச்சான்,

இன்று காலை பாப்பாரப்பட்டிச் சந்தைக்குப் போகும் வழியில் ஒரு பழைய வேன் எனக்கு முன்னால் போயிற்று. தக்காளிக் கூடைகளை அண்ணாந்து பார்க்கும் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். மேட்டில் ஏறும்போது பின்னால் புகை பீறிட்டது. என் ஸ்கூட்டர் அதற்கு நேர் பின்னால் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டே சொல்லியிருப்பேன், அது இன்ஜின் ஆயில் எரிகிற வாடை. தாளிக்கும்போது எண்ணெய் அடுப்பில் சிந்திக் கருகினால் வருமே, அதோடு கொஞ்சம் ரப்பரும் சேர்ந்தது போல இருக்கும். பின்னால் உட்கார்ந்திருந்த உங்கள் தங்கை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "எங்கண்ணன் காரு வாசன" என்றாள். வீடு திரும்பி, காய்கறிப் பையை இறக்கி வைத்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் காரை நீங்கள் வாங்கும்போதே அதற்கு வயதாகிவிட்டிருந்தது. வெள்ளைக் கார் என்று பெயர், நிறம் மோர் நிறம். பின்சீட்டில் ஸ்பிரிங் ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும். புதிதாக ஏறுகிறவர்களை அந்த இடத்தில் உட்கார வைத்து வேடிக்கை பார்ப்பீர்கள். ஆனால் அந்தக் காரை நீங்கள் கவனித்துக்கொண்ட கவனிப்பில் பாதியாவது உங்கள் வீட்டு அக்காவைக் கவனித்திருந்தால் அவர்கள் இன்னும் இரண்டு சுற்று பெருத்திருப்பார்கள். நான் இதை உங்கள் எதிரிலேயே சொல்லியிருக்கிறேன், அக்காவும் ஆமாம் போட்டிருக்கிறார்கள். நீங்கள் சிரித்துக்கொண்டே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள்.

வண்டியைப் பற்றி உங்களுக்கு ஒரு கொள்கை இருந்தது. "வெளியூருக்குக் கெளம்புற வண்டிக்கு வயிறு ரொம்பி இருக்கணும் மாப்ள." பெட்ரோல், ரேடியேட்டர் தண்ணீர், டயரில் காற்று, கண்ணாடி துடைக்கிற தண்ணீர்கூட வழிய வழிய இருக்க வேண்டும். உங்கள் வீட்டிலிருந்து எவரும் சாப்பிடாமல் படி இறங்க முடியாது. காரும் அந்தக் குடும்பத்தில் ஓர் ஆள்தானே.

பல வருடத்துக்கு முன்னால், எங்கள் பிள்ளைகள் இருவருக்கும் பழனியில் மொட்டை போடுவதாக உங்கள் தங்கைக்கு வேண்டுதல். உங்களுக்கு மரவள்ளி அறுவடை, வர முடியாது. "பஸ்ஸுல எதுக்குப் புள்ளைங்களப் போட்டு அல்லாடறீங்க? வண்டிய எடுத்துகினு போங்க" என்று நீங்களாகவே சாவியைக் கொடுத்தனுப்பினீர்கள். இந்தக் காரை வேறு எவருக்கும் நீங்கள் கொடுத்ததில்லை என்பது பென்னாகரம் வட்டாரத்துக்கே தெரியும். எனக்கு அதில் பெருமை இருந்தது. போகும்போது ஒரு குறையும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதுதான் சரி. வண்டிக்குப் பின்னால் என்ன வருகிறது என்பது ஓட்டுகிறவனுக்குக் கடைசியாகத்தான் தெரியும்.

திரும்பி வரும்போது தொப்பூர் மேட்டில் பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரனை விடாமல் அடித்தார். பக்கத்தில் வந்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "பின்னாடி பாருங்க, ஒண்ணும் தெரியல எங்களுக்கு" என்றார். ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தால், நாங்கள் ஏறி வந்த வளைவு முழுக்க நீலம் பூத்திருந்தது. இன்ஜின் சூடு சரியாகத்தான் இருந்தது, சத்தத்திலும் மாற்றம் இல்லை. கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்துவிட்டு மெதுவாக ஓட்டி உங்கள் வீட்டில் சேர்த்தேன்.

நீங்கள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தீர்கள். குனிந்து புகைக்குழாய்க்குள் விரலை விட்டு எடுத்து, கட்டை விரலோடு தேய்த்துப் பார்த்து, முகர்ந்தும் பார்த்தீர்கள். பிறகு கேட்டீர்கள்.

"தொப்பூர் மேட்டுல எந்த கியர்ல ஏறனீங்க மாப்ள?"

"ஏன், எனக்கு ஓட்டத் தெரியாதுங்கறீங்களா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். ஆனால் சுருக்கென்று இருந்தது. நீங்கள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டீர்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். ஞாயிறு தவறாமல் வருகிறவர்தானே. எனக்குப் பட்டுப்புழு கடைசிப் பருவத்தில் இருந்தது. புழு வளர்ப்பவன் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும், புழுவுக்குப் புகை ஆகாது, கொட்டகைப் பக்கம் ஊதுபத்திகூடக் கொளுத்த மாட்டோம், பீடிக் கையோடு எவரும் தழை போட வரக்கூடாது. கார் சந்தில் திரும்பியதுமே புகை வாடை எனக்கு வந்துவிட்டது. கொட்டகை வாசலில் நின்று கையை உயர்த்திக் கத்தினேன். "மச்சான், கிட்ட கொண்டாராதீங்க! புழு இருக்குது, அங்கியே நிறுத்துங்க!" நீங்கள் அங்கேயே நிறுத்தினீர்கள். வந்து தண்ணீர் குடித்தீர்கள், பிள்ளைகளின் மொட்டைத் தலையைத் தடவினீர்கள், அவசர வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டீர்கள். அதற்கடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். நல்ல வண்டியைக் கெடுத்துக்கொண்டு வந்துவிட்டான் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். சொல்ல மாட்டீர்கள், தங்கை புருஷன் ஆயிற்றே. சொல்லாமல் ஒதுங்குகிறீர்கள். வாய்விட்டுத் திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசி முடித்திருப்பேன். எனக்குக் கோபம் வந்தால் அடுப்பில் வைத்த பாலைப் போல, பொங்கி இறங்கிவிடும். உங்கள் மௌனத்தோடு எப்படிச் சண்டை போடுவது?

இதற்கு நடுவில் மாசியில் பிள்ளைகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். தாய்மாமன் மடி இல்லாமல் காதுகுத்து ஏது? உங்கள் தங்கை அடுப்படியில் நின்று அழ ஆரம்பித்தாள். "எங்கண்ணன் வரலன்னா ஆரு மடியில ஒக்கார வெப்பீங்க? அப்பிடி என்னதான் பண்ணித் தொலச்சீங்க அந்த வண்டிய?" என்று அவளும் கேட்டபோது எனக்கு ரோஷம் தலைக்கேறிவிட்டது. வீட்டுக்குள்ளேயே நான் குற்றவாளி ஆகிவிட்டேன். அந்தப் புகை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

நீங்கள் வண்டியைப் பார்க்கக் கொடுத்திருந்த மெக்கானிக் மேஸ்திரியிடம் போனேன். அன்று நீங்களும் அங்கே இருந்தீர்கள். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். மேஸ்திரி ஆக்ஸிலேட்டரை மிதித்துப் புகையைப் பார்த்தார். "கருப்பா வந்தா பெட்ரோல் ஜாஸ்தி எரியுது, இல்ல காத்து பத்தல. வெள்ளையா விடாம வந்தா தண்ணி உள்ள எறங்குது. இது நீலம், ஆயிலு. ஆயில் கொறையுதுங்களா?"

"வாராவாரம் ஊத்திகினுதான் இருக்கறன்" என்றீர்கள்.

"அப்ப பிஸ்டன் ரிங்கு தேஞ்சிப் போச்சி. இன்ஜின எறக்கணும். பொகை வர ஆரம்பிச்சப்ப யாரு ஓட்டனது?"

"யாரு ஓட்டனா இன்னா? வண்டி என்னுது" என்றீர்கள், என் பக்கம் திரும்பாமலே. குத்திக் காட்டுகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். எழுந்து வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்த வேலை உங்களுக்குத் தெரியாது, இப்போது சொல்லிவிடுகிறேன். உங்கள் காரின் பின்னால் திருட்டுத்தனமாகச் சுற்றினேன். நீங்கள் பென்னாகரத்திலிருந்து கிளம்பும் நாட்களில் மொபெட்டில் ஒரு பர்லாங் இடைவெளி விட்டுத் தொடர்வேன். தலையில் துண்டு, மூஞ்சியில் கைக்குட்டை. ஒரு தடவை டீக்கடையில் நீங்கள் நின்றுவிட, நான் கரும்புத் தோட்டத்துக்குள் வண்டியோடு புகுந்து, அந்தத் தோட்டத்துக்காரர் என்னைக் கரும்பு திருட வந்தவன் என்று நினைத்துத் துரத்தினார். அவ்வளவு பாடும் எதற்கென்றால், புகை எப்போது வருகிறது என்று பார்க்கத்தான். மேஸ்திரி இன்னொரு நாள் தனியாகச் சொல்லியிருந்தார், காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் குபுக்கென்று வந்து நின்றுவிட்டால் வால்வு சீல், மேட்டில் மூச்சுப் பிடித்து இழுக்கும்போது வந்தால் ரிங். உங்கள் காரோ சமதரையிலும் விட்டது, மேட்டிலும் விட்டது, சும்மா நிற்கும்போதும் விட்டது. அதிலே ஒரு ஒழுங்கும் இல்லை. நீங்கள் மறுபடி வண்டியைக் கொண்டுவந்து விட்ட நாளில் மேஸ்திரி கம்ப்ரெஷன் மீட்டர் வைத்துப் பார்த்தார், நாலு சிலிண்டரும் வயதுக்கு மீறிய திடத்தோடு இருந்தன. ஏர் பில்ட்டரைக் கழற்றினால் உள்ளே பஜ்ஜி போட்ட காகிதம் மாதிரி எண்ணெய் ஊறியிருந்தது. "ரிங் போன வண்டி இப்பிடி இருக்காதே" என்று அவர் தலையைச் சொறிந்தார். ஆனால் ஆயில் குறைகிறதே, வாராவாரம் ஊற்றுகிறீர்களே. அந்த இடத்தில் அவரும் நின்றுவிட்டார், நானும் நின்றுவிட்டேன். ஊற்றி ஊற்றித்தான் ஓட்டுகிறோம் என்று கேட்ட பிறகு, ஆயில் அளவுக் கம்பியை இழுத்துப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தாய்மாமனை முறைப்படி அழைக்க வெற்றிலைப் பாக்குத் தட்டோடு உங்கள் வீட்டுக்கு வந்தோம். அக்கா வாங்க வாங்க என்றார்கள். நீங்கள் தட்டை வாங்கிக்கொண்டு, "பாக்கலாம்மா, வேலையப் பொறுத்து" என்று தங்கையிடம் சொன்னீர்கள். அவள் கண் கலங்கிவிட்டது. எனக்கு உள்ளே உட்கார முடியவில்லை. எழுந்து வெளியே வந்தேன். பழனிக்குப் போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் வீட்டை ஒட்டினாற்போல் காருக்கென்று தகரக் கொட்டகை போட்டிருந்தீர்கள். அதற்கு முன்பு அது எதிரே ரோட்டோரத்தில் நிற்கும். கொட்டகைக்குள் கார் நின்றது. பின் சக்கரம் இரண்டுக்கும் ஆளுக்கொரு கருங்கல் முட்டுக் கொடுத்திருந்தீர்கள்.

கல் எதற்கு என்று ஒரு நிமிடம் யோசித்தேன். தரையைப் பார்த்தேன். உங்கள் ஊரில் சமதரை என்று எதைச் சொல்வது, கரட்டுச் சரிவைச் சீவி வீடு கட்டியிருக்கிறீர்கள். கார் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு நின்றது. அப்படி நின்றால் உள்ளே இருக்கிற ஆயிலெல்லாம் பின்பக்கம் ஒதுங்கிக்கொள்ளும். அளவுக் கம்பி இருப்பதோ இன்ஜினின் முன்பக்கம், நிறைய இருந்தாலும் குறைவாகத்தான் காட்டும்.

"மச்சான்!" என்று நான் போட்ட சத்தத்தில் உள்ளே இருந்த மூன்று பேரும் ஓடி வந்தீர்கள்.

"ஆயில் அளவு எங்க வெச்சிப் பாப்பீங்க?"

"எங்கன்னா? இங்கதான். காலங்காத்தால, வண்டி எடுக்கறதுக்கு முன்ன. கோட்டுக்குக் கீழ இருக்கும், ஊத்துவேன்."

"வண்டிய ரோட்டுக்கு எடுங்க."

நீங்கள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எடுத்தீர்கள். எதிரே பழைய இடத்தில், சமமான தரையில் நிறுத்தி, கொஞ்ச நேரம் ஆற விட்டோம். கம்பியை நீங்களே இழுத்தீர்கள். மேல் கோட்டையும் தாண்டி, விரற்கடை விரற்கடையாக ஏறி, கம்பியின் பாதி வரைக்கும் எண்ணெய் பளபளத்தது. துடைத்துவிட்டு மறுபடி விட்டு எடுத்தீர்கள். அதே அளவுதான். வண்டிக்கு ஒன்றுமே இல்லை. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தது. உள்ளே இடம் கொள்ளாத ஆயில் காற்றுப் போகிற வழியாக மேலேறி, பெட்ரோலோடு சேர்ந்து எரிந்திருக்கிறது. அப்படிக் கொஞ்சம் எரிந்து குறைவதற்குள் நீங்கள் அடுத்ததை ஊற்றியிருக்கிறீர்கள்.

எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. நான் ஓட்டியதில் ஒரு குற்றமும் இல்லை என்று கம்பி சாட்சி சொல்லிவிட்டதே. நீங்கள் கம்பியைக் கையில் பிடித்தபடி நின்றீர்கள்.

"பழனிக்குப் போறப்ப ஒரு டின்னு முழுசா ஊத்தனேன்" என்றீர்கள், மெதுவாக. "புள்ளைங்களோட போறீங்க, மேட்டுல ஆயில் பத்தாம நின்னுடக் கூடாதுன்னு. அப்ப நாந்தான் மாப்ள."

"பாசத்துக்கும் மேல் கோடு ஒண்ணு இருக்குது மச்சான்" என்றேன் நான். அக்கா சிரித்தார்கள். உங்கள் தங்கை மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தாள். நீங்கள் சிரிக்கவில்லை. அன்று நான் அதைக் கவனித்தேன், ஆனால் தப்பு தன் பேரில் என்று தெரிந்த கூச்சம் என்று கணக்கு வைத்துக்கொண்டேன்.

கீழே சட்டியை வைத்து அதிகப்படி ஆயிலை இறக்கினோம். புதிதாக ஏர் பில்ட்டர் மாட்டி, பிளக்கைத் துடைத்துப் போட்டார் மேஸ்திரி. இன்ஜினை இறக்காமல் விட்டதில் அவருக்கு வருத்தமா சந்தோஷமா என்று முகத்தில் தெரியவில்லை. ஒரு வாரம் போல லேசாகப் புகை வந்தது, பிறகு நின்றுவிட்டது.

காதுகுத்துக்கு நீங்கள் சூரியன் வருவதற்குள் வந்துவிட்டீர்கள். சீர்த்தட்டு, புதுத்துணி, தோடு, கடுக்கன், எதிலும் குறை இல்லை. பெரியவள் உங்கள் மடியில் கத்தாமல் உட்கார்ந்தாள், சின்னவன் உங்கள் கையைக் கடித்துவிட்டான். குலதெய்வம் கோயிலிலிருந்து திரும்பும்போது நீங்கள் கார்ச் சாவியை என் கையில் வைத்துவிட்டுப் பின்சீட்டில் பிள்ளைகளுக்கு நடுவே, ஸ்பிரிங் துருத்திய இடத்திலேயே உட்கார்ந்துகொண்டீர்கள். சொந்தக்காரர்கள் அத்தனை பேர் பார்க்க, உங்கள் காரை ஓட்ட என்னிடம் கொடுத்தீர்கள். மன்னிப்பு என்று வாயால் கேட்கத் தெரியாத மனிதர் இப்படிக் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அந்த ஒன்றுக்காகவே உங்கள்மேல் இருந்த கோபத்தையெல்லாம் விட்டுவிட்டேன். இத்தனை வருடமும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

போன ஐப்பசியில் நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. காரை உங்கள் மகன் விற்றுவிட்டான். அவனுக்கு அது தேவைப்படவில்லை, நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்த பிறகு, அக்கா எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தார்கள். பேச்சு எங்கெங்கோ போய் அந்தக் காரில் வந்து நின்றது. நீங்கள் என்னைச் சந்தேகப்பட்ட கதையை நான் சிரிப்பாகச் சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை.

"சந்தேகமா? ஒங்க மேலயா? அய்யோ தம்பி" என்றார்கள். "அந்த மாசம் பூரா அவரு சரியாச் சாப்புடல. பொகையற வண்டியக் குடுத்துப் புள்ளைங்கள அனுப்பிட்டேனே, மேட்டுல ஏதாச்சும் ஆயிருந்தா தங்கச்சிக்கு இன்னா பதில் சொல்லுவேன்னு பொலம்பிகினே இருப்பாரு. ஒங்க வூட்டுக்கு வந்தாராமே, புழு கிட்டயே வரவேணாம்னீங்களாமே. மாப்ள வாசல்லயே நிறுத்திட்டாரு, இனி நான் எந்த மூஞ்ச வெச்சிகினு போவேன்னாரு."

"அப்ப காதுகுத்து அன்னிக்கி சாவியக் குடுத்தது?"

"பொகை நின்னும் அவருக்கு பயம் போவல. நான் ஓட்டனா பின்னாடி புள்ளைங்கள ஆரு பாப்பாங்க? புள்ளைங்க பக்கத்துல ஒக்காந்துக்கறேன், ஏதாச்சும்னா ரெண்டையும் தூக்கிகினு எறங்கிடலாம்னாரு."

காபி ஆறிப்போய்விட்டது மச்சான். நான் புழுவுக்காகக் கத்தினேன். ஒவ்வொரு வளர்ப்பிலும் எல்லாரிடமும் கத்துகிற கத்தல்தான் அது. நீங்கள் என்னைச் சந்தேகப்படுவதாக நினைத்து நான் உங்களை வேவு பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், நீங்கள் என் முகத்தைப் பார்க்கக் கூசி ஒதுங்கியிருக்கிறீர்கள். மேஸ்திரியிடம் வண்டி என்னுடையது என்று சொன்னது, பழியை நீங்கள் ஏற்றுக்கொண்ட பேச்சு. உண்மை ரோட்டில் வைத்துத் தெரிந்தபோதும், எனக்கு அது விடுதலை, உங்களுக்கு அது தண்டனை. நான் அங்கே நின்று கேலி பேசினேன். காரின் புகைக்குக் காரணம் கண்டுபிடித்தவன் என்று பல வருடம் பெருமை அடித்துக்கொண்டவனுக்கு, எதிரே நின்ற ஆளின் முகம் பிடிபடவில்லை. உங்களுக்கும் என் முகம் பிடிபடவில்லை. நாம் இருவரும் நல்ல மாமன் மச்சான்.

இதைத்தான் இப்போது சுமந்துகொண்டிருக்கிறேன். நீங்கள் என்னிடம் கேட்கப் பயந்த ஒன்று இருந்திருக்கிறது, அந்த மேட்டில் பிள்ளைகள் எப்படி இருந்தார்கள் என்று. நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்லவும் இல்லை. அதனால் சொல்கிறேன். பிள்ளைகள் பயப்படவில்லை. ஒருத்தரும் இருமக்கூட இல்லை. வண்டியை ஓரம் கட்டியதும் இருவரும் குதித்து இறங்கி, சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு சாலையோரக் குரங்குகளுக்குப் பழிப்புக் காட்டிக்கொண்டிருந்தார்கள். உங்கள் தங்கை பஞ்சாமிர்த டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஒரு கை கொடுத்தாள். சின்னவன் இரண்டாவது தடவை கையை நீட்டியபோது பெரியவள் டப்பாவைப் பிடுங்கி மூடி, "இது மாமாவுக்கு" என்று மடியில் வைத்துக்கொண்டாள். அந்த மேட்டில் உங்களைக் குறை சொன்னவர் ஒருவரும் இல்லை மச்சான்.